பரிசலில் வராத ஃபிரீசியர்கள்: வேர்ச்சொல் வட்டத்து நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய வேர்ச்சொல் வட்டத்து நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் நீங்கள் வாட்சாப்பில் சுற்றுக்கு விட்ட கட்டுரை ஆறு பேர் கைமாறி ஆறு தடவை எனக்கு வந்து சேர்ந்தது. "நீ அங்கதானப்பா இருக்க, என்ன ஏதுன்னு பார்த்துச் சொல்லு" என்று சித்தப்பா குரல் பதிவே அனுப்பிவிட்டார். அங்கே என்றால் நெதர்லாந்தின் வடக்கு ஓரம், லேவார்டன் நகரம். பிழைப்புக்காக வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கட்டுரையில் நீங்கள் எந்த மண்ணைப் பற்றி எழுதினீர்களோ அந்த மண்ணில்தான் தினமும் சைக்கிள் மிதிக்கிறேன். உங்களுக்குத் தனியாகவே எழுதியிருப்பேன். கட்டுரை ஊரைச் சுற்றிவிட்டதால் பதிலும் ஊர் பார்வைக்கே வரட்டும் என்று இப்படி எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது மூன்று. நான் இருக்கும் இந்த வடகடலோரப் பகுதிக்கு வழங்கும் ஃபிரீசியா என்ற பெயர் 'பரிசல்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது. தங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்ததாக ஃபிரீசிய அறிஞர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இனம் 2000 ஆண்டுகளாக அதே கடற்கரையில் அறுபடாமல் வாழ்கிறது.

இரண்டாவதை முதலில் எடுக்கிறேன், அது பாதி உண்மை என்பதால். எழுதி வைத்தார்கள்தான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுஃப்ரிடஸ் பெட்ரஸ் என்ற ஃபிரீசிய அறிஞர் லத்தீனில் எழுதினார். அவரும் அவர் வழி வந்தவர்களும் சொன்ன கதையின் சுருக்கம் இது: கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஃப்ரிசோ, சாக்சோ, புரூனோ என்று மூன்று சகோதரர்கள் இந்தியாவிலிருந்து புறப்பட்டு, அலெக்சாண்டர் படையில் வேலை பார்த்து, அவன் இறந்தபின் கப்பலேறி வடகடலுக்கு வந்தார்கள். ஃப்ரிசோ இறங்கிய இடம் ஃபிரீசியா, சாக்சோவுக்கு சாக்சனி, புரூனோவுக்கு புரூன்ஸ்விக்.

நம் தலபுராணங்களைப் புரட்டியவர்களுக்கு இந்த வேலை புதிதில்லை. ஊர்ப்பெயர் முன்னால் இருக்கும், அதற்குப் பொருத்தமாக ஓர் ஆள் பின்னால் பிறப்பார். அன்றைக்கு ஐரோப்பாவில் இது ஒரு போட்டியாகவே நடந்தது. இன்றைய பிரான்ஸ் பக்கத்தை ஆண்ட பிராங்க்குகள் தங்களைக் கிரேக்கக் காவியத்து டிராய் நகரத்து வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டார்கள். அதைவிடத் தூரமான, அதைவிட மினுக்கான ஊர் ஒன்று ஃபிரீசியருக்குத் தேவைப்பட்டது. அலெக்சாண்டர் போய் நின்ற எல்லையைவிடத் தூரம் ஏது? அப்படிக் கிடைத்ததுதான் இந்தியா. நம்மைத் தேடி வந்த பெருமை அல்ல இது, அவர்கள் பெருமைக்கு நம் ஊர் பெயர் கடன் போனது.

கட்டுரை இதோடு நிறுத்திக்கொண்டது. அடுத்த பக்கத்தைச் சேர்த்துப் படித்திருக்க வேண்டும். உப்போ எம்மியஸ் என்று ஒருவர், தானும் ஃபிரீசியர்தான், கிழக்கு ஃபிரீசியாவின் கிரேட்சீல் துறைமுகத்தில் 1547இல் பிறந்தவர். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, 1614இல் தொடங்கிய குரோனிங்கன் பல்கலைக்கழகத்துக்கு முதல் தலைவர் ஆனவர். ஃப்ரிசோ கதை மொத்தமும் கட்டுக்கதை என்று தன் பெரிய வரலாற்று நூலில் தள்ளிவைத்தார். சொந்த இனத்தின் பெருமையைக் குலைக்கிறான் என்று அவருக்கு வசவுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நின்றது அவர் பக்கம்தான். இன்று இங்கே எந்தப் பள்ளிப் பையனும் ஃப்ரிசோவை வரலாறாகப் படிப்பதில்லை. அவர்கள் 400 வருடம் முன்பே குப்பையில் போட்டதை நாம் பொறுக்கி எடுத்துத் துடைத்து வரவேற்பறையில் வைக்கிறோம்.

இன்னொரு ஆதாரமாக 'ஊரா லிண்டா' ஏட்டையும் காட்டியிருக்கிறீர்கள். அதை நீக்கிவிடச் சொல்லி உங்களைத் தனியாகவே கெஞ்ச வேண்டியிருக்கிறது. 1860களில் வெளியே வந்து 1872இல் அச்சான போலி அது. பல்லாயிரம் ஆண்டு வரலாறு என்று சொல்லிக்கொள்ளும் ஏட்டின் தாள் 19ஆம் நூற்றாண்டு இயந்திரத் தாள். 1933இல் அதை ஜெர்மனில் கொண்டுவந்தவர் ஹெர்மன் விர்த், அதில் மயங்கி அவருக்குத் துணைநின்றவர் நாஜித் தலைவர் ஹிம்லர். தமிழின் தொன்மைக்குச் சாட்சி தேடிப் போய் அந்த வாசலில் நிற்க வேண்டுமா ஐயா?

இனி மூன்றாவது. 2000 ஆண்டு அறுபடாத இனம் என்பது. இதை நீங்கள் மட்டும் சொல்லவில்லை, இங்கே சுற்றுலாக் கையேட்டை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதுதான் இருக்கும். அதனால் உங்கள்மேல் குறையில்லை.

'ஃப்ரிசி' என்ற பெயர் ரோமானியர் எழுத்தில் வருவது உண்மை. கி.மு. 12இல் துருசஸ் என்ற ரோமானியத் தளபதி இந்தக் கரைக்குப் படை கொண்டு வந்தான். மாட்டுத்தோல்தான் கப்பம் என்று விதித்தான், ஏழைக் குடியானவர்கள் என்பதால் அவ்வளவுதான் கேட்டான். பின்னால் வந்த ஒலெனியஸ் என்ற அதிகாரி தோலின் அளவை மாற்றினான். வீட்டு மாட்டுத்தோல் செல்லாது, காட்டெருமைத்தோல் அளவுக்கு வேண்டும் என்றான். இங்கத்து மாடு சிறியது. முதலில் மாடு போயிற்று, பிறகு நிலம் போயிற்று, கடைசியில் பெண்டு பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கும் நிலை. கி.பி. 28இல் வரி வசூலிக்க வந்த சிப்பாய்களைத் தூக்கில் மாட்டினார்கள். அடுத்து நடந்த சண்டையில் பாடுஹென்னா என்ற தோப்பில் மட்டும் 900 ரோமானியர் செத்தார்கள் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்.

அவரே சொல்லும் இன்னொரு காட்சி எனக்குப் பிடித்தது. கி.பி. 58இல் வெரிட்டஸ், மலோரிக்ஸ் என்ற இரண்டு தலைவர்கள் தங்கள் குடிகளுக்கு நிலம் கேட்டுப் பேரரசன் நீரோவைப் பார்க்க ரோம் போகிறார்கள். காத்திருந்த நேரத்தில் அவர்களை ரோமிலேயே பாம்பே என்ற தளபதி கட்டிய நாடக அரங்குக்குக் கூட்டிப் போகிறார்கள். நாடகம் புரியவில்லை. யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். செனட்டர்கள் வரிசையில் வெளிநாட்டு உடையில் சிலர் இருப்பதைப் பார்த்து விசாரித்தால், வீரத்திலும் விசுவாசத்திலும் சிறந்த நாடுகளின் தூதர்களுக்கு அந்த மரியாதை என்று பதில் வருகிறது. ஜெர்மானியரை அதில் மிஞ்ச ஆள் உண்டா என்று சொல்லிவிட்டு, இருவரும் விறுவிறுவென இறங்கிப் போய் அந்த வரிசையிலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். கூட்டம் ரசித்தது. நீரோ இருவருக்கும் குடியுரிமை கொடுத்தான், நிலத்தை மட்டும் கொடுக்கவில்லை.

தங்களை ஜெர்மானியர் என்று சொல்லிக்கொண்ட அந்த ஆளின் பெயரைக் கவனித்தீர்களா? மலோரிக்ஸ். 'ரிக்ஸ்' என்று முடியும் பெயர்கள், இன்றைய பிரான்ஸான பழைய கால் (Gaul) நாட்டுக் கெல்டிக் அரசர்களை நினைவூட்டுபவை. ரோமை எதிர்த்து நின்ற வெர்சிஞ்செட்டோரிக்ஸ் நினைவுக்கு வரும். ஆக, ஆரம்பத்திலேயே பெயர் ஒரு பக்கம், இனம் ஒரு பக்கம் இழுக்கிறது.

அப்புறம் அந்த மக்கள் போய்விட்டார்கள். கவிதைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே போய்விட்டார்கள். 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோமானியர் ஃப்ரிசிகளில் ஒரு பகுதியைப் பிடித்துத் தங்கள் எல்லைக்குள் குடியமர்த்தினார்கள். இங்கத்துப் பானை வகை ஃபிளாண்டர்சிலும் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலும் கிடைக்கிறது. நிலத்தில் ஈரம் ஏறியதும் ஒரு காரணம். 4ஆம் நூற்றாண்டில் இன்றைய ஃபிரீஸ்லாந்தின் மேடுகள் ஏறக்குறைய ஆளற்றுக் கிடந்தன என்பது அகழாய்வில் தெரிகிறது. 5ஆம் நூற்றாண்டில் மறுபடி ஆள் வருகிறது. வந்தவர்களின் வீடு வேறு, பானை வேறு, உடை ஊசி வேறு. ஆங்கிலோ-சாக்சன் என்று நாம் சொல்லும் கூட்டத்தின் சாயல்.

வந்தவர்களுக்கு 'ஃபிரீசியர்' என்ற பெயர் எப்படி வந்தது? தொல்லியலாளர் ஜோஸ் பாசெல்மன்ஸ் 2009இல் வைத்த வாதம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. பழைய லத்தீன் நூல்களைப் படித்த பிராங்க் அரசவைக்காரர்கள், அந்தக் கரையில் யார் இருந்தாலும் அவர்கள் ஃப்ரிசிகளாகத்தான் இருக்க வேண்டும் என்று பெயரை எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய பெயரை அங்கிருந்தவர்கள் நாளடைவில் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். காலி வீட்டு வாசலில் பழைய குடித்தனக்காரர் பெயர்ப்பலகை தொங்க, புதிதாக வந்தவரைத் தபால்காரர் அந்தப் பெயரிலேயே கூப்பிட்டது போல.

இந்த வெளிச்சத்தில் ராட்போட் அரசனின் கதையைப் படித்தால் சிரிப்பு வரும். 719இல் இறந்த ஃபிரீசிய அரசன். ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்தபின், "என் முன்னோர் எங்கே, சொர்க்கத்திலா நரகத்திலா?" என்று கேட்டானாம். நரகத்தில் என்று பாதிரியார் சொன்னதும் காலை எடுத்துவிட்டு, அவர்களோடே இருந்துகொள்கிறேன் என்றானாம். துறவிகள் பிற்பாடு எழுதிய கதைதான். ஆனால் அவன் போய்ச் சேர விரும்பிய அந்த முன்னோர், பின்னோக்கிச் சில தலைமுறை போனால், ஜெர்மனியின் எல்பே ஆற்றுப் பக்கம் மாடு மேய்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். டாசிட்டஸின் ஃப்ரிசிகள் அந்த நரகத்தில் வேறு மூலையில் இருந்திருப்பார்கள்.

மேடு என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லேவார்டனுக்கு வடக்கே ஹெகபைன்டம் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் சப்பாத்தி மாவு தேய்த்தது போலச் சமதரை, நடுவில் கிட்டத்தட்ட 9 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று, உச்சியில் பழைய தேவாலயம். குன்று இயற்கையானதல்ல. அலை ஏறும் சதுப்பில் சாணமும் களிமண்ணும் வீட்டுக் குப்பையுமாகப் போட்டுப் போட்டு, தலைமுறை தலைமுறையாக உயர்த்தியது. இதற்கு 'டெர்ப்' என்று பெயர். சொல்லுக்கு முதலில் ஊர் என்றுதான் பொருள், ஜெர்மன் 'டோர்ஃப்' என்பதன் உடன்பிறப்பு. கரைகட்டி கடலைத் தடுத்தபின் மேடு தேவைப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்த மண் நல்ல உரம் என்று கண்டுபிடித்து, வெட்டிப் படகில் ஏற்றி விற்றார்கள். ஹெகபைன்டத்தில் தேவாலயமும் கல்லறைகளும் இருந்த பகுதிக்கு மட்டும் கை வைக்கவில்லை. அதனால் ஒரு பக்கம் செங்குத்தாக, கேக் வெட்டியது மாதிரி நிற்கிறது. மழை நாளில் அந்த வெட்டின் கீழே நின்றபோது ஷூ முழுக்கக் கறுப்புச் சேறு. வீட்டுக்கு வந்து கழுவினால் நம் வயல் சேற்று வாசனைதான், அதில் சந்தேகமில்லை. வாசனையை ஆதாரமாகக் காட்டிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

பெயர் எப்படியெல்லாம் நகர்ந்தது என்பதற்கு அதற்குப் பின் வந்த காலம் இன்னும் வேடிக்கை. பிராங்க் பேரரசன் சார்லமேன் காலத்துச் சட்டத் தொகுப்பில் ஃபிரீசியா மூன்று துண்டு: பெல்ஜியக் கரையின் ஸ்வின் முதல் ஃப்ளீ நீர்வழி வரை, அங்கிருந்து லௌவர்ஸ் ஆறு வரை, அங்கிருந்து ஜெர்மனியின் வேசர் ஆறு வரை. வடகடலுக்கே ஃபிரீசியக் கடல் என்று பெயர் இருந்தது. இன்று உலகம் ஹாலந்து என்று அழைக்கும் பகுதியின் பிரபுக்களும் ஃபிரீசியப் பிரபுக்கள்தான். 1101இல்தான் 'ஹாலந்துப் பிரபு' என்ற பட்டம் முதலில் தென்படுகிறது. அப்புறம் அந்த ஹாலந்தே படையெடுத்து ஃபிரீசியரில் ஒரு பகுதியை அடக்கியது. அந்தச் சண்டையில் வில்லெம் பிரபு 1256இல் உறைந்த நீர்மேல் குதிரையில் போய், பனிக்கட்டி உடைந்து மாட்டிக் கொல்லப்பட்டார். அவர் மகன் வந்து காரியத்தை முடித்தார்.

இன்று நிலைமை இப்படி. மேற்கு ஃபிரீஸ்லாந்து என்று வரைபடத்தில் இருப்பது வடக்கு ஹாலந்து மாநிலத்தில். மேற்கு ஃபிரீசிய மொழி பேசுவது அங்கே அல்ல, நான் இருக்கும் ஃபிரீஸ்லாந்து மாநிலத்தில். இந்த மாநிலம் 1997 முதல் தன் பெயரை அலுவல் முறையில் ஃபிரீசிய மொழியிலேயே 'ஃப்ரீஸ்லான்' என்று எழுதிக்கொள்கிறது. ஜெர்மனியில் கிழக்கு ஃபிரீசியா இருக்கிறது, அங்கே ஃபிரீசிய மொழி செத்துவிட்டது, பேசுவது தாழ்ஜெர்மன். (அவர்கள் தேநீர் வேறு கதை: கற்கண்டு போட்டு, அசாம் தேயிலைச் சாறு ஊற்றி, மேலே பாலேடு விட்டு, கலக்காமல் குடிக்க வேண்டும். கரண்டியால் கலக்கிவிட்டு நான் வாங்கிய பார்வை இருக்கிறதே!) கிழக்கு ஃபிரீசிய மொழியின் கடைசிக் கிளை பிழைத்திருப்பது கிழக்கு ஃபிரீசியாவுக்கு வெளியே, சதுப்புநிலம் சூழத் தீவு போலத் தனித்துக் கிடந்த சாட்டர்லாந்து என்ற பகுதியில், 2000 பேர் அளவில். பெயர் இருக்கும் இடத்தில் மொழி இல்லை, மொழி இருக்கும் இடத்தில் பெயர் இல்லை. இதில் 2000 ஆண்டு அறுபடாத எதை ஐயா பிடித்துக்கொண்டு தொங்குவது?

கடைசியாகப் பரிசலுக்கு வருகிறேன். சங்க நூல்களில் படகுக்கு அம்பி, தோணி, திமில், நாவாய், வங்கம், புணை என்று எத்தனையோ சொல் இருக்கிறது. அங்கே 'பரிசில்' என்றால் புலவர் வாங்கும் கொடை. உங்கள் கணக்குப்படி போனால் ஃபிரீசியர் கையேந்திப் போன பரிசிலர் ஆகிவிடுவார்கள், அவர்கள் அதை ரசிக்க மாட்டார்கள். ஒகேனக்கல்லில் சுற்றும் பரிசலை வடகடலில் இறக்கினால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நியாயமாக ஒன்றை உங்கள் பக்கமும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானிய மொழிகளில் 'ஃப' ஒலி பழைய 'ப'விலிருந்து பிறந்தது. லத்தீன் 'பாத்தெர்', ஆங்கில 'ஃபாதர்'. ஆகவே ப, ஃப ஆனது என்று நீங்கள் எழுதியதில் தவறில்லை. அந்த வழியில் போனவர்கள் ஃபிரீசியர் பெயரை ஆங்கில 'ஃப்ரீ', 'ஃபிரெண்ட்' சொற்களின் வேரோடு இணைத்தார்கள். அது சமஸ்கிருத 'ப்ரிய'வின் வேர். நாம் 'பிரியமாக இருக்கிறான்' என்கிறோமே, அதே பிரியம், வடமொழி வழியாக நமக்கு வந்தது. சுருள்முடி என்று பொருள் சொன்னவர்கள் உண்டு, விளிம்பு, கரை என்று சொன்னவர்களும் உண்டு. எதுவும் நிலைபெறவில்லை. அந்தப் பெயர் ஜெர்மானியச் சொல்தானா என்பதே வழக்கில் இருக்கும்போது, அதைத் தமிழுக்குப் பட்டா போடுவது அவசரம்.

உங்களுக்கு உண்மையிலேயே வேர்ச்சொல்லில் ஆசை என்றால் இந்த ஊர்ச் சந்தைக்கு வாருங்கள், வேறொன்று காட்டுகிறேன். பாலாடைக்கட்டிக்கு டச்சில் 'காஸ்', ஃபிரீசியத்தில் 'ட்சீஸ்', ஆங்கிலத்தில் 'சீஸ்'. தேவாலயத்துக்கு டச்சில் 'கெர்க்', ஃபிரீசியத்தில் 'ட்சேர்கெ', ஆங்கிலத்தில் 'சர்ச்'. டச்சுக்காரர் 'க' சொல்லும் இடத்தில் ஃபிரீசியரும் ஆங்கிலேயரும் 'ச' பக்கம் சாய்கிறார்கள், பின்னால் இ, எ போன்ற உயிர் இருந்த சொற்களில். இரண்டு மொழியும் நெருங்கிய உறவு என்பதற்கு இது ஒரு தடயம். இப்போது கன்னடக்காரர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவருக்கு 'கிவி', நமக்குச் செவி. அவருக்கு 'கெம்பு', நமக்குச் செம்மை. அவருக்கு 'கெய்', நமக்குச் செய். அதே க, அதே ச, அதே இ, எ. நம்மிடம் கிளி கிளியாகவே இருக்கிறது, கெடு கெடுவாகவே இருக்கிறது, ஏனென்றால் பின்னால் ள, ட வந்தால் இந்த மாற்றம் நடப்பதில்லை. விலக்கும் விதிப்படியே.

ஃபிரீசியருக்கும் நமக்கும் உறவென்று இதற்குப் பொருளில்லை. நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தைத் தொடும் சோம்பல் எல்லா மனிதருக்கும் ஒன்று என்று பொருள். முதல்முறை சந்தையில் 'ட்சீஸ்' என்ற எழுத்தைப் பார்த்து, மனசுக்குள் 'கிவி, செவி' என்று ஓடியபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் பரிசல் கட்டுரையில் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அது நம் பெருமையைப் பற்றிய கட்டுரை.

நம் பக்கத்து மண்ணுக்கும் இந்தக் கரைக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. இங்கத்து ஃப்ரீஸ் அருங்காட்சியகத்தில் வைனால்டம் மேட்டில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டுத் தங்க உடை ஊசி இருக்கிறது. மேலெல்லாம் அறை அறையாகத் தங்கக் கம்பி கட்டி, ஒவ்வொன்றிலும் நகத்தளவு சிவப்புக் கல். அந்த நூற்றாண்டுகளின் ஐரோப்பிய நகைகளில் பதித்த செம்மணிக்கற்களை வேதியியல் சோதனை செய்து பார்த்ததில், பல கற்கள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிந்திருக்கிறது. ஆள் போகவில்லை, பெயர் போகவில்லை, கல் போயிருக்கிறது. எந்தக் கப்பலில், எத்தனை கைமாறி என்று தேடுங்கள், அதற்கு என்னாலான உதவி செய்கிறேன்.

என் வேண்டுகோள் சின்னது. கட்டுரையின் ஃப்ரிசோ பகுதியில் எம்மியஸ் மறுத்ததையும் சேருங்கள். ஊரா லிண்டாவை எடுத்துவிடுங்கள். ஒகேனக்கல்லிலிருந்து வடகடலுக்கு அம்புக்குறி போட்ட அந்த வண்ண வரைபடத்தைத் தயவுசெய்து கலைத்துவிடுங்கள். திருத்திய கட்டுரையைப் பழையது போன வழியிலேயே அனுப்புங்கள். எனக்கு அனுப்பிய ஆறு பேரில் சித்தப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், மீதி ஐந்து பேர் உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
லேவார்டனிலிருந்து உங்கள் வட்டத்து வாசகன்